புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம், கசிவு நிற்கவில்லை

வைகைக்கரை, மதுரை | பிப்ரவரி 14

எல்லோருக்கும் வணக்கம். வயது 66, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) ஏறி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று தெரிந்து, பொங்கலுக்கு முந்தின வாரம் ரோபோ மூலம் புராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிட்டார்கள். நோய் வெளியே பரவவில்லை, வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தது. அந்த வரையில் கடவுளுக்கு நன்றி.

பத்தாம் நாள், யூரின் போக வைத்திருந்த டியூபை எடுத்தார்கள். எடுத்த நொடியே நின்ற இடத்தில் யூரின் கொட்டி வேட்டி நனைந்து தரையில் ஓடியது. நர்ஸ் பிள்ளை "எல்லாருக்கும் அப்படித்தான் சார், சரியாயிடும்" என்று சொல்லி டயாப்பர் கொடுத்தது. இன்றைக்கு வரை நாளுக்கு ஐந்து டயாப்பர். ஒன்று 35 ரூபாய், மாதம் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. ராத்திரி படுத்திருக்கும்போது பெரும்பாலும் காய்ந்தே இருக்கிறது, காலையில் எழுந்து நின்றதும் ஆரம்பித்துவிடுகிறது. மத்தியானம் வரை சமாளிக்கலாம், நாலு மணிக்கு மேல் இருமினால், தும்மினால், நாற்காலியை விட்டு எழுந்தால் போய்விடுகிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி, "இடுப்புப் பயிற்சி செய்யவும்". என்ன பயிற்சி என்று கேட்டதற்கு யூட்யூபில் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன், முக்கால்வாசி வீடியோ பெண்களுக்கானது. இது நிற்குமா, எத்தனை மாதம் ஆகும், நிற்காவிட்டால் என்ன வழி, யாருக்காவது அனுபவம் இருந்தால் தயவு செய்து எழுதுங்கள். மகனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அண்ணாநகர்61, சென்னை | பிப்ரவரி 14

ஐயா, 2019-இல் எனக்கும் இதே ஆபரேஷன்தான், வயிற்றைத் திறந்து செய்தார்கள். ராத்திரி காய்ந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும் முதலில் காய்ந்தது ராத்திரிதான், அப்புறம் காலை, கடைசியாகத்தான் மாலை. ராத்திரி பகல் வித்தியாசமில்லாமல் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் டாக்டர்கள் அதிகம் கவலைப்படுவார்கள்.

காரணத்தை எனக்கு ஒரு டாக்டர் சுருக்குப்பையை வைத்துச் சொன்னார். ஆணுக்கு யூரின் வழியில் இரண்டு சுருக்கு இருக்கிறது. ஒன்று சிறுநீர்ப்பையின் கழுத்தில், நாம் நினைக்காமலே மூடியிருக்கும். இன்னொன்று புராஸ்டேட்டுக்குக் கீழே, நாம் நினைத்து இறுக்கக்கூடியது. புராஸ்டேட்டை முழுதாக எடுக்கும்போது மேல் சுருக்கும் அதோடு போய்விடுகிறது. பையை நேராகக் கீழ்க்குழாயோடு வைத்துத் தைக்கிறார்கள். இத்தனை வருஷம் உதவிக்கு மட்டும் இருந்த கீழ்ச்சுருக்கு ஒரே நாளில் முழு வேலையும் பார்க்க வேண்டும், அதுவும் ஆபரேஷனில் அடிபட்டு வீங்கியிருக்கும் நேரத்தில். அதனால்தான் சாயங்காலம் ஆனால் களைத்து விட்டுவிடுகிறது. பலம் ஏற மாதக்கணக்கு ஆகும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும், ஒரு வருடம் வரை கூட மெல்ல மெல்லக் குறையும்.

நீங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். டயாப்பரை எண்ணாதீர்கள், எடை போடுங்கள். ஒருவர் லேசாக ஈரமானதும் மாற்றுவார், ஒருவர் நிறைகிற வரை வைத்திருப்பார், எண்ணிக்கை பொய் சொல்லும். சின்ன சமையல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புது டயாப்பர் எத்தனை கிராம், கழற்றும்போது எத்தனை கிராம், கழித்தால் கசிவு. ஒரு கிராம் கிட்டத்தட்ட ஒரு மில்லி. 24 மணி நேரத்துக்குக் கூட்டுங்கள். 100 கிராமுக்குள் என்றால் லேசு, 100 முதல் 400 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். எனக்கு ஆறாவது வாரம் 310, மூன்றாம் மாதம் 90, ஏழாம் மாதம் ஒரு நாப்கின் போதுமாக இருந்தது. இன்றைக்குக் கனமான சிலிண்டரைத் தூக்கினால் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

கோவைபிசியோ | பிப்ரவரி 15

ஐயா, நான் பிசியோதெரபிஸ்ட். பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு வரும் கசிவுக்குத்தான் அதிகம் சிகிச்சை தருகிறேன், சில வருடங்களாக ஆண்களும் வருகிறார்கள். யூட்யூபில் நீங்கள் தேடிய பயிற்சிக்கு கீகல் என்று பெயர், 1948-இல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க டாக்டர் பெண்களுக்காக எழுதியது. ஆண்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தால் ஒரு தவறு நடக்கிறது. "மலத்தை அடக்குவது போல இறுக்குங்கள்" என்று சொன்னால் எல்லோரும் பின்பக்கத்தை இறுக்குகிறார்கள். யூரின் குழாயைச் சுற்றிய தசை முன்பக்கம் இருக்கிறது.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். உறுப்பை வயிற்றுக்குள் இழுத்துச் சுருக்குவது போல நினையுங்கள். ஆற்றில் இறங்கும்போது குளிர்ந்த தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் விதைகள் மேலே ஏறுமே, அந்த அசைவை நீங்களாகச் செய்ய வேண்டும். கண்ணாடி வைத்துப் பாருங்கள், உறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்ளே போகும், விதைகள் சற்று உயரும். பிட்டமும் தொடையும் வயிறும் இறுகினால் தவறு. மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர விடுங்கள். இப்படிப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. தளர்த்துவதும் பயிற்சிதான், அதை யாரும் சொல்வதில்லை. இரண்டு வாரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், அப்புறம் நின்று. வீட்டில் நின்று செய்ய வந்துவிட்டால், இருமும் முன், எழுந்திருக்கும் முன், பையைத் தூக்கும் முன் ஒரு இழு இழுத்துப் பிடித்துக்கொண்டு பிறகு அந்த வேலையைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து அதிக பலன் தருவது இந்தப் பழக்கம்தான்.

யூரின் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள், எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். டியூப் இருக்கும்போதும் பயிற்சி வேண்டாம். நாளுக்கு நூறு இருநூறு என்று செய்யாதீர்கள், தசை களைத்துப்போய் சாயங்காலக் கசிவு அதிகமாகும்.

தாமிரபரணி, நெல்லை | பிப்ரவரி 15

யோகாவில் அஸ்வினி முத்திரையும் மூலபந்தமும் இதற்குத்தானே. அதோடு நெருஞ்சில் கஷாயம் காலை மாலை குடிக்கச் சொல்லுங்கள், தண்ணீரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் மாமாவுக்கு நின்றது.

கோவைபிசியோ | பிப்ரவரி 15

மூலபந்தம் பழகியவர்களுக்குத் தசையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அஸ்வினி முத்திரை ஆசனவாயைச் சுருக்குவது, இந்தப் பிரச்சினைக்கு முன்பக்கமாக இழுக்கக் கற்க வேண்டும். அந்த ஒரு மாற்றத்தோடு செய்தால் சரி.

அண்ணாநகர்61, சென்னை | பிப்ரவரி 15

தாமிரபரணி அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இரண்டையும் நான் மறுக்கிறேன். நெருஞ்சிலைச் சித்த மருத்துவத்தில் கொடுப்பதே சிறுநீரைப் பெருக்கத்தான். நீர்க்கடுப்புக்குக் கேட்கலாம், சுருக்குத்தசைக்கு அதில் வேலையில்லை. தண்ணீர் விஷயத்தில் நானே அடிபட்டவன். கசிவைக் குறைக்க ஒரு மாதம் நாளுக்கு மூன்று டம்ளரோடு நிறுத்தினேன். யூரின் கெட்டியாகிப் பையை எரித்தது, அடிக்கடி முட்டியது, கடைசியில் கிருமி வந்து குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும் குறையுங்கள். காப்பியைக் குறைத்துப் பாருங்கள், அது பையைச் சீண்டுகிறது. எனக்கு மூன்று டம்ளர் காப்பி ஒன்றானதும் அந்த வாரமே வித்தியாசம் தெரிந்தது.

வைகைக்கரை, மதுரை | பிப்ரவரி 24

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தராசு வாங்கிவிட்டேன். ஏழு நாள் சராசரி 380 கிராம். அதில் ராத்திரி 15 மட்டும், மாலை நாலிலிருந்து ஒன்பது வரை 190. பாதி கசிவு அந்த ஐந்து மணி நேரத்தில். எண்ணாகப் பார்த்தபோது பயம் கொஞ்சம் குறைந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நானும் தண்ணீரைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன், சரி செய்துவிட்டேன். கண்ணாடி வைத்துப் பார்த்ததில் இத்தனை நாள் பிட்டத்தைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

தோலில் சிவந்து எரிகிறது. என்ன போடுவது? வேட்டிக்குள் டயாப்பர் தெரிகிறது, வெளியே போக முடியவில்லை.

அண்ணாநகர்61, சென்னை | பிப்ரவரி 24

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு சிங்க் ஆக்சைடு கலந்த கிரீம் மெல்லியதாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், கட்டியாகும். தொடை இடுக்கில் அரிப்போடு வட்ட வட்டமாக வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். பகலில் டயாப்பரை விட்டுவிட்டுப் பிரசவ நாப்கினை இறுக்கமான ஜட்டிக்குள் வையுங்கள். வேட்டி கட்டினால் லங்கோடு இன்னும் நல்லது, பேட் நகராது, வெளியே தெரியாது.

கரிசல்காடு, கோவில்பட்டி | மார்ச் 3

நான் எழுதலாமா என்று யோசித்தேன். நோயாளி என் வீட்டுக்காரர். ஆபரேஷன் முடிந்து பதினாலு மாதம். அவர் யாரிடமும் பேச மாட்டார், அதனால் நான் படிக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தன் துணியைத் தானே அலசிக் கொடியில் போட்டுவிட்டு, விடிவதற்குள் எடுத்து மடித்து வைத்துவிடுவார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போன வைகாசியில் அவர் தங்கை மகள் கல்யாணம், தாய்மாமன் முறை செய்ய வேண்டியவர், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். இன்று வரை அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் இது என்று நான் யாரிடம் சொல்வது?

புற்றுநோய் என்று சொன்னபோது அழாத மனிதர் இதற்கு அழுதார். ஒரு வருடம் தாண்டியும் நாளுக்கு நாலு பேட் என்றால் இனிமேல் தானாக நிற்காது என்று அர்த்தமா?

ஸ்கார்பரோவாசி, டொரன்டோ | மார்ச் 3

அக்கா, பயப்பட வேண்டாம். ஒரு வருடத்துக்குப் பிறகு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு என்பது உண்மைதான், ஆனால் சிகிச்சை முடிந்துபோகவில்லை, அடுத்த கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் நின்றுபோய்ப் பெரிய தொல்லையாக இருந்தால் ஆறு மாதத்திலேயே ஆபரேஷன் பற்றிக் கதைக்கலாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலில் இருக்கிறது. பதினாலு மாதம் என்றால் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தான், இங்கே முப்பது வருடம். 2018-இல் புராஸ்டேட்டை எடுத்தார்கள், பி.எஸ்.ஏ. திரும்ப ஏறியதால் 2019-இல் கதிர்வீச்சு. அதன் பிறகு சலம் (யூரின்) நிற்கவே இல்லை, ஒரு நாளைக்கு 700 கிராமுக்கு மேல். வேலையை விட்டேன், பேரப்பிள்ளையை மடியில் வைத்ததில்லை. 2021-இல் செயற்கைச் சுருக்கு வைத்தார்கள். 1972-இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற டாக்டர் முதலில் வைத்த கருவியின் வழிவந்தது, இப்போது அதிகம் வைப்பது ஏ.எம்.எஸ். 800 என்ற வகை.

பேட்டரி, மின்சாரம் ஒன்றும் கிடையாது, எல்லாம் உப்புத் தண்ணீர்தான். குழாயைச் சுற்றி ஒரு வளையம், விதைப்பைக்குள் ஒரு சின்னப் பம்ப், அடிவயிற்றுக்குள் ஒரு பலூன். வளையத்தில் தண்ணீர் நிறைந்து குழாயை மூடியிருக்கும். போக வேண்டும் என்றால் பம்பை இரண்டு மூன்று தடவை அமுக்குவேன், தண்ணீர் பலூனுக்குப் போய் வளையம் திறக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் அதுவே திரும்ப நிறைந்து மூடிக்கொள்ளும். வைத்த உடனே வேலை செய்யாது, புண் ஆற ஆறு வாரம் விட்டுத்தான் இயக்கினார்கள். அந்த ஆறு வாரமும் பழையபடி நனைந்துகொண்டுதான் இருந்தேன், முன்பே சொல்லியிருந்தும் மனம் உடைந்துபோனது. இயக்கிய அன்று பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். முழுதாகக் காயவில்லை, இன்றைக்கும் ஒரு மெல்லிய பேட் போடுகிறேன். கிருமி வந்தால் முழுவதையும் எடுக்க வேண்டி வரும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். வளையம் குழாயை அரித்துவிடலாம், கதிர்வீச்சு எடுத்த எனக்கு அந்த ஆபத்து கூட. இயந்திரம் என்றால் தேயும், ஐந்து வருடத்தில் நாலில் ஒன்று, பத்து வருடத்தில் பாதி பழுதாகித் திரும்ப ஆபரேஷன் தேவைப்படும் என்று கணக்கு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். கை விரலில் பலமும் ஞாபகமும் வேண்டும்.

இன்னொன்று, இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். கருவி இருப்பவருக்கு, வளையத்தைத் திறந்த நிலையில் பூட்டி வைக்காமல் யாரும் டியூப் போடக் கூடாது, குழாய் கிழிந்துபோகும். மயங்கிக் கிடந்தால் நான் சொல்ல முடியாது என்பதால் கருவி இருக்கிறது என்று எழுதிய அட்டையைப் பர்ஸில் வைத்து, கையிலும் அப்படி எழுதிய காப்பு போட்டிருக்கிறேன்.

பொன்மலை, திருச்சி | மார்ச் 5

எனக்கு வைத்தது ஸ்லிங். கசிவு ஒரு வருடம் கழித்தும் 150 கிராம் அளவில் நின்றுவிட்டது, கதிர்வீச்சு எடுக்கவில்லை, கீழ்ச்சுருக்கு ஓரளவு வேலை செய்கிறது என்று கேமரா விட்டுப் பார்த்தார்கள், அதனால் ஸ்லிங் போதும் என்றார்கள். தொடை இடுக்கு இரண்டு பக்கமும் வழியாக ஒரு வலை நாடாவைக் கொடுத்துக் குழாயைத் தூக்கிப் பிடிக்கிறது. அமுக்குவது எதுவும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கும். அதிகக் கசிவு இருப்பவர்களுக்கும் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் இதைவிடச் செயற்கைச் சுருக்கையே பரிந்துரைக்கிறார்கள்.

ஆறு வாரம் குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார்கள், நாடா நழுவிவிடுமாம். நம் வீட்டில் கக்கூஸ் பழைய மாடல், சாப்பாடு தரையில். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கமோடு நாற்காலியும் மேசையும் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் போனேன். இதை எந்த டாக்டரும் கேட்கவில்லை, நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 380 ஆண்களைச் சேர்த்து ஸ்லிங்கையும் செயற்கைச் சுருக்கையும் ஒப்பிட்ட மாஸ்டர் என்ற ஆய்வு 2021-இல் வந்தது. ஒரு வருடம் கழித்து "துளியாவது கசிகிறதா" என்று கேட்டால் ஸ்லிங் வைத்தவர்களில் 87 சதவீதம், சுருக்கு வைத்தவர்களில் 84 சதவீதம் ஆம் என்றார்கள். ஆனால் கசிவின் அளவும் தொல்லையும் இரண்டு பக்கமும் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. முழுக்கக் காய்ந்துவிடும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம், எனக்கு 150 என்பது 20 ஆனது, நான் அதில் சந்தோஷமாக இருக்கிறேன்.

கரிசல்காடு, கோவில்பட்டி | மார்ச் 6

இரண்டு பதிவையும் அவரிடம் படித்துக் காட்டினேன். முதலில் கோபப்பட்டார், யாரோ முன்பின் தெரியாதவர்களிடம் எழுதியிருக்கிறாயே என்று. அப்புறம் திருச்சி அண்ணன் எழுதியதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். திங்கட்கிழமை டோக்கன் போட்டிருக்கிறேன்.

காயல்கரை | மார்ச் 9

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதை நான் நான்கு மாதமாக நிறுத்தியிருந்தேன், உளு (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாவது) நிற்காதே என்று. வெட்கத்தை விட்டு மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். தொடர்ந்து கசிவு இருப்பவர் சலுகைக்கு உரியவர், தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து புது பேட் வைத்து உளு செய்து அந்த வேளையின் ஃபர்ளை (கடமையான தொழுகையை) தொழலாம், நடுவில் கசிந்தாலும் தொழுகை கூடும் என்றார். இத்தனை காலம் கேட்காமல் இருந்துவிட்டேனே என்று இருந்தது. என் போல யாராவது இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் நான் கிளாம்ப் போடுகிறேன். உறுப்பின் மேல் வெளியிலிருந்து மாட்டும் மெத்தை வைத்த கிளிப். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கழற்றி யூரின் போய்விட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும், தூங்கும்போது கூடவே கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்தவர்கள் போட வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்தார், அழுத்திப் புண்ணானாலும் தெரியாது.

அரசமரத்தடி, கும்பகோணம் | மார்ச் 9

எனக்குப் புற்றுநோய் இல்லை, புராஸ்டேட் வீக்கத்துக்காகக் குழாய் வழியாகச் சுரண்டி எடுத்தார்கள். அதற்கும் இதே கசிவுதானா? எனக்கு இருமினால் வராது, முட்டியதும் ஓட முடியவில்லை, வழியிலேயே போய்விடுகிறது.

கோவைபிசியோ | மார்ச் 10

உங்களுடையது வேறு வகை ஐயா. நீங்கள் சொல்வது பை தானாகச் சுருங்குவது. வருடக்கணக்கில் அடைப்பை எதிர்த்துத் தள்ளிப் பழகிய பை, அடைப்பு போன பிறகும் சில மாதம் அப்படியே துடிக்கும், பலருக்குத் தானாக அடங்கும். கிருமி இருக்கிறதா என்று யூரின் கல்ச்சர் முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் யூராலஜிஸ்ட் மாத்திரை தருவார். சோலிஃபெனசின் வகை வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், வயதானவர்களுக்கு மறதியையும் கூட்டலாம். மிராபெக்ரான் என்றால் பி.பி. பார்த்துக்கொள்ள வேண்டும். இருமினால் வரும் கசிவுக்கு இந்த மாத்திரைகள் கேட்காது, அதனால் மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் வாங்காதீர்கள். இருமல் கசிவுக்கு டுலாக்ஸிடின் என்ற மன அழுத்த மாத்திரையை சில டாக்டர்கள் கொடுத்துப் பார்ப்பதுண்டு, கொஞ்சம் கேட்கும், ஆனால் குமட்டல் தாங்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புதுத்தெரு, சேலம் | மார்ச் 21

பிசியோ மேடம், மன்னிக்கவும், ஒரு கேள்வி. பிரிட்டனில் நடந்த மேப்ஸ் ஆய்வில் ஆள் வைத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் சாதாரணமாக விட்டவர்களுக்கும் ஒரு வருடத்தில் வித்தியாசமே இல்லை என்று படித்தேன். அப்படியென்றால் பயிற்சிக்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?

கோவைபிசியோ | மார்ச் 21

சரியான கேள்வி. 2011-இல் லான்செட் இதழில் வந்தது, நானும் படித்திருக்கிறேன். ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு அளவு கசிவு இருந்தது. ஆனால் ஒப்பிட்டது பயிற்சி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் அல்ல. அந்தப் பக்கமும் பலர் துண்டுத்தாளைப் பார்த்துத் தாங்களாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதோடு அப்போது சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் பின்பக்கத்தை இறுக்கும் முறைதான், ஆணுக்கு முன்பக்கம்தான் முக்கியம் என்று ஸ்கேனில் பார்த்துக் காட்டிய ஆஸ்திரேலிய ஆய்வுகள் பிறகுதான் வந்தன. என் அனுபவத்தில் பயிற்சி சீக்கிரம் காய உதவுகிறது, கடைசி முடிவை எல்லோருக்கும் மாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பத்து முறை வரச் சொல்லிப் பணம் வாங்குபவரிடம் போகாதீர்கள், ஒன்றிரண்டு முறை சரியாகக் கற்றுக்கொண்டால் மீதியை வீட்டில் செய்யலாம்.

வைகைக்கரை, மதுரை | ஏப்ரல் 19

மூன்றாவது மாதம் 140 வரை இறங்கியது, மகனிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு வாரமாக மறுபடி ஏறுகிறது, நேற்று 260. பயிற்சியை ஒரு வேளைகூட விடவில்லை. யூரின் போகும்போது நூல் மாதிரி மெல்லியதாக வருகிறது, முக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியை இரண்டு மடங்காக்கட்டுமா?

கோவைபிசியோ | ஏப்ரல் 19

ஐயா, பயிற்சியை இப்போதைக்கு நிறுத்துங்கள். தாரை மெலிந்து கசிவு ஏறினால் அது பலவீனம் இல்லை, அடைப்பாக இருக்கலாம். பை காலியாகாமல் நிறைந்து வழியும். நாளைக்கே யூராலஜிஸ்டைப் பாருங்கள், யூரின் போன பிறகு எத்தனை மில்லி மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரிக்குள் முழுதாக நின்றுவிட்டாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வைகைக்கரை, மதுரை | ஏப்ரல் 27

நீங்கள் சொன்னதுதான். 210 மில்லி மிச்சம் நின்றது. பையையும் குழாயையும் தைத்த இடத்தில் தழும்பு சுருங்கி ஊசித் துளை போல ஆகியிருந்தது. கேமரா வழியாக உள்ளே போய்க் கீறிவிட்டார்கள், மூன்று நாள் டியூப். இதை முதலில் சரி செய்யாமல் ஸ்லிங், சுருக்கு எதையும் யோசிக்கவே முடியாது என்றார் டாக்டர். இப்போது தாரை நன்றாக இருக்கிறது, ஆனால் கசிவு 330-க்குப் போய்விட்டது. முதல் படிக்கே வந்துவிட்டேன். பயிற்சியைத் திங்கட்கிழமை மறுபடி தொடங்குகிறேன்.

புதுத்தெரு, சேலம் | மே 2

எனக்கு அடுத்த மாதம் இதே ஆபரேஷன். அதனால்தான் மேப்ஸ் பற்றியெல்லாம் துருவிப் படித்தேன். முன்கூட்டியே என்ன செய்யலாம்?

அண்ணாநகர்61, சென்னை | மே 2

பயிற்சியை இன்றைக்கே தொடங்குங்கள், வலி இல்லாதபோது தசையைக் கண்டுபிடிப்பது எளிது. தொந்தியைக் குறையுங்கள், சிகரெட் இருந்தால் விடுங்கள், இருமல் குறைந்தாலே கசிவு குறையும். டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், உங்கள் நோயாளிகள் மூன்றாம் மாதம் எத்தனை பேட் வைக்கிறார்கள் என்று. முகம் சுளித்தால் இன்னொருவரைப் பாருங்கள். 2010 வாக்கில் மிலானில் பொச்சார்டி என்ற சர்ஜன் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது, பையின் முன்பக்கத் தாங்குதலைக் கலைக்காமல் பின்பக்கமாகப் போய் எடுப்பது. முதல் சில வாரங்களில் சீக்கிரம் காய்கிறது, ஒரு வருடத்தில் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. எல்லோருக்கும் பொருந்தாது, கட்டி முன்பக்கம் இருந்தால் யோசிக்க வேண்டும். புற்றுநோயை முழுதாக எடுப்பதுதான் முதல் வேலை, அதில் சமரசம் வேண்டாம்.

வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டு, புத்தாண்டு அன்று யூரின் கிருமியோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜனாதிபதிக்குக்கூடச் சொல்லவில்லை, பெரிய பிரச்சினையாகி மன்னிப்புக் கேட்டார். அத்தனை பெரிய பதவியில் இருந்த மனிதருக்கே வாயைத் திறக்க முடியவில்லை என்றால் நம் வீட்டு ஆண்களைப் பற்றி என்ன சொல்ல.

கரிசல்காடு, கோவில்பட்டி | ஆகஸ்ட் 30

ஸ்லிங் வைத்து ஏழு வாரம். நாலு பேட் ஒன்றாகிவிட்டது. போன ஞாயிறு அவராகவே தங்கை வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, திரும்பும்போது கையில் பலகாரத் தூக்கு இருந்தது.

வைகைக்கரை, மதுரை | டிசம்பர் 12

பதினொரு மாதம். ஏழு நாள் சராசரி 12 கிராம், எல்லாம் மாலையில்தான். தழும்பு மறுபடி சுருங்கவில்லை. ஆபரேஷன் எதுவும் வேண்டாம் என்று நானும் டாக்டரும் பேசி முடிவு செய்துவிட்டோம், 12 கிராமோடு வாழ முடியும். மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் போய்விட்டு வந்தேன், கழிப்பறைப் பக்கத்து சீட்டாகப் பார்த்து எடுத்தேன், பேட் மாற்றவே தேவைப்படவில்லை. அடுத்த பி.எஸ்.ஏ. தை மாதம்.

கொள்ளிடம்_2 | டிசம்பர் 13

முழுவதும் படித்தேன். அப்பாவுக்கு நாளைக் காலை டியூப் எடுக்கிறார்கள். என்ன கொண்டுபோக வேண்டும்?

வைகைக்கரை, மதுரை | டிசம்பர் 13

தம்பி, டயாப்பர் நாலு, அதில் ஒன்றை டியூப் எடுக்கும்போதே கையில் தயாராக வைத்திருங்கள். கறுப்போ கருநீலமோ கைலி இரண்டு, துண்டு ஒன்று, நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை, கார் சீட்டில் போட ரப்பர் ஷீட். உள்ளே நீங்களும் கூட இருங்கள். எடுத்ததும் கொட்டும் என்று இன்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தாரை எப்படி வருகிறது என்று பாருங்கள், சாயங்காலம் வரை ஒரு சொட்டும் வராமல் வயிறு முட்டினால் உடனே திரும்பிப் போங்கள். தராசு ஒரு வாரம் கழித்து வாங்கினால் போதும்.